நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் வாக்கியம்: நேர்மறை உறுதிமொழி எப்போது உதவும், எப்போது உதவாது?

நேர்மறை உறுதிமொழி என்பது ஒருவர் தம்மைப் பற்றித் தமக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் ஒரு சிறு வாக்கியம். அஃபர்மேஷன் என்ற பெயரில்தான் நம்மில் பலருக்கு இது அறிமுகம். "என்னால் முடியும்", "இந்த வேலைக்கு வேண்டிய தகுதி என்னிடம் இருக்கிறது", "நாளுக்கு நாள் என் திறமை வளர்கிறது" போன்றவை இதன் வழக்கமான வடிவங்கள். கண்ணாடி முன் நின்று சொல்பவர்கள் உண்டு. நாட்குறிப்பில் எழுதுபவர்கள் உண்டு. கைப்பேசித் திரையில் ஒட்டிவைப்பவர்களும் உண்டு. காலையில் 3 முறை, மதியம் 6 முறை, இரவில் 9 முறை எழுதினால் நினைத்தது நடக்கும் என்று கணக்குச் சொல்லித்தரும் காணொளிகளுக்கும் குறைவில்லை.

வேலை தேடுபவருக்கும், பதவி உயர்வுக்குக் காத்திருப்பவருக்கும், தன் கூச்சத்தையோ தயக்கத்தையோ விட்டு வெளியே வர நினைப்பவருக்கும் இதனால் உண்மையில் பயன் உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. உளவியலாளர்கள் கடந்த சில பத்தாண்டுகளில் செய்த ஆய்வுகளைப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: சொல்பவர் ஓரளவாவது நம்பக்கூடியதாகவும், அடுத்துச் செய்யவேண்டிய ஒரு காரியத்தைக் காட்டுவதாகவும் இருக்கும் வாக்கியம் உதவுகிறது. அந்த இரண்டும் இல்லாத வாக்கியம் பெரும்பாலும் வீண். தன்னம்பிக்கை குறைந்தவருக்கு அது கெடுதலாகவும் முடியலாம்.

மருந்துக்கடையில் தொடங்கிய பழக்கம்

இந்தப் பழக்கத்துக்கு நவீன காலத்தில் உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பிரான்ஸ் நாட்டு மருந்தாளுநர் எமில் குவே (1857–1926). மருந்துக்கடை நடத்திய நாட்களில், மருந்தைக் கையில் கொடுக்கும்போதே அதன் குணத்தை நாலு வார்த்தை உயர்த்திச் சொன்னால் வாங்குபவருக்கு அது கூடுதலாகப் பலன் தருவதாக அவர் கண்டார். மருந்தோடு சேர்ந்து சொல்லும் வேலை செய்கிறது என்றால், அந்தச் சொல்லை நோயாளி தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் என்ன என்ற யோசனையிலிருந்து அவருடைய முறை பிறந்தது. "ஒவ்வொரு நாளும், எல்லா வகையிலும், நான் மேலும் மேலும் நன்றாகிக்கொண்டே வருகிறேன்" என்ற வாக்கியத்தை உறங்கும் முன்பும் விழித்தவுடனும் 20 முறை முணுமுணுக்கச் சொன்னார். எண்ணிக்கையில் கவனம் சிதறாமலிருக்க 20 முடிச்சுகள் போட்ட ஒரு கயிற்றை உருட்டிக்கொண்டே சொல்லவேண்டும். நான்சி நகரில் அவரைத் தேடிக் கூட்டம் வந்தது. 1920களில் அவர் புகழ் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. தமிழ்நாட்டில் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலைப் பயிற்சியில் தவத்தின் முடிவில் சொல்லப்படும் சங்கல்பத்தை அறிந்தவர்களுக்கு இந்த முறை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

குவேயின் வாக்கியத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "நான் நலமாக இருக்கிறேன்" என்று அது சொல்லவில்லை. "நன்றாகிக்கொண்டே வருகிறேன்" என்றுதான் சொல்கிறது. காய்ச்சலோடு படுத்திருப்பவர்கூட அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பொய் என்று உடனே தள்ளிவிட முடியாது. இன்று பரவலாகக் கற்றுத்தரப்படும் உறுதிமொழிகள் பலவும் இந்த நுணுக்கத்தை விட்டுவிட்டன. விரும்பும் நிலையை ஏற்கெனவே அடைந்துவிட்டதாக நிகழ்காலத்தில் சொல்லவேண்டும் என்பதே அவற்றின் முதல் விதி. மாதக் கடைசியில் கடன் வாங்கும் ஒருவர் "நான் கோடீஸ்வரன்" என்று சொல்லிக்கொள்வது அந்த விதியின்படி சரி. அவருடைய மனம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதைத்தான் அந்த விதி கணக்கில் கொள்வதில்லை.

மனம் எதிர்வாதம் செய்யும்போது

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் தம் சகாக்களுடன் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. பங்கேற்றவர்கள் நான்கு நிமிடங்கள் தங்கள் எண்ணங்களை எழுதவேண்டும். ஒரு பாதியினர், 15 விநாடிக்கு ஒருமுறை மணி ஒலிக்கும்போதெல்லாம் "நான் அன்புக்கு உரியவன்" என்ற பொருளிலான வாக்கியத்தைத் தமக்குள் சொல்லிக்கொள்ளவேண்டும். தன்மதிப்பு உயர்ந்தவர்களுக்கு அந்த வாக்கியம் சிறிதளவு உதவியது. தன்மதிப்பு குறைந்தவர்களோ, அதைச் சொல்லிக்கொள்ளாத தம்மைப் போன்றவர்களைவிட மோசமான மனநிலையில் இருந்தார்கள். யாருக்கு இந்த மருந்து அதிகம் தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை.

ஒருவர் தம்மைப் பற்றி ஏற்கெனவே கொண்டிருக்கும் கருத்துக்கு வெகு தொலைவில் உள்ள ஒரு கூற்றைக் கேட்டால், மனம் அதை மறுப்பதற்கான ஆதாரங்களைத் தேட ஆரம்பித்துவிடும் என்பதே இதற்கு அந்த ஆய்வாளர்கள் தரும் விளக்கம். தமிழ்வழியில் படித்துவிட்டு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர், அலுவலகக் கூட்டத்துக்கு முன் "நான் சரளமாக ஆங்கிலம் பேசுகிறேன்" என்று சொல்லிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அடுத்த கணமே, போன வாரக் கூட்டத்தில் பாதி வாக்கியத்தில் சொல் கிடைக்காமல் நின்றதும், எதிரில் இருந்தவர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கியதும் வரிசையாக நினைவுக்கு வரும். தைரியம் தருவதற்காகச் சொன்ன வாக்கியமே தோல்விகளின் பட்டியலைத் திறந்துவிடுகிறது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், அந்த வாக்கியம் எந்த வகையில் உண்மை, எந்த வகையில் உண்மையல்ல என்று இரண்டு பக்கமும் யோசிக்க அனுமதிக்கப்பட்டபோது, உண்மையான பக்கத்தை மட்டுமே யோசிக்கவேண்டும் என்று கட்டளையிடப்பட்டபோது இருந்ததைவிட, தன்மதிப்பு குறைந்தவர்கள் நல்ல மனநிலையில் இருந்தார்கள். குறையை ஒப்புக்கொள்ள இடம் வைக்கும் வாக்கியம், குறையே இல்லை என்று அடித்துச் சொல்லும் வாக்கியத்தைவிட மனத்துக்கு இதமாக இருக்கிறது.

கற்பனை தரும் களைப்பு

வேலை விஷயத்தில் இதைவிட நேரடியான எச்சரிக்கை கேப்ரியல் எட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளரிடமிருந்து வந்தது. பட்டப்படிப்பு முடித்து வேலை தேடத் தொடங்கியிருந்த மாணவர்களை அவரும் அவருடைய சகாவும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். நல்ல வேலையில் அமர்ந்துவிட்டதுபோல் அடிக்கடி இனிய கற்பனையில் மூழ்கியவர்கள் குறைவான விண்ணப்பங்களையே அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு வந்த வேலை வாய்ப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு. ஆனால், வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு வலுவாக இருந்தவர்களுக்கு நேர்மாறாக நல்ல பலன் கிடைத்திருந்தது.

கற்பனையும் எதிர்பார்ப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் அடிப்படையில் வெவ்வேறு. எதிர்பார்ப்பு என்பது, இதற்கு முன் நான் செய்தவற்றை வைத்துப் பார்த்தால் இது நடக்க வாய்ப்பிருக்கிறது என்ற கணிப்பு. கற்பனைக்கு அப்படிப்பட்ட அடித்தளம் தேவையில்லை. அது அடையாததை அடைந்துவிட்ட இன்பத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவதால், அதற்காக உழைக்கும் வேகம் தளர்ந்துவிடுகிறது. தினமும் அரை மணி நேரம் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகக் கண்ணை மூடிப் பார்ப்பவர், அந்த அரை மணியில் ஒரு பாடத்தைப் படித்திருக்கலாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனால் ஆய்வு அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த கோட்பாடு இங்கே உதவும். ஒரு செயலை என்னால் செய்து முடிக்க முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவர் நான்கு ஊற்றுகளைக் காட்டினார்: அந்தச் செயலைத் தாமே செய்து பெற்ற வெற்றி, தம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதே மிக வலிமையானது என்பது அவர் கருத்து. உறுதிமொழி என்பது நமக்கு நாமே சொல்லும் ஊக்கச் சொல் என்பதால் மூன்றாவது ஊற்றைச் சேர்ந்தது; அது முதல் ஊற்றோடு இணையும்போதுதான் அதற்கு உரம் கிடைக்கிறது. செய்த ஒன்றை நினைவூட்டும் வாக்கியம் நிற்கிறது. எதையும் சார்ந்திராத புகழ்ச்சி நிற்பதில்லை.

மதிப்பீடுகளை எழுதுதல்: அதிகம் பேசப்படாத இன்னொரு வகை

உளவியல் ஆய்வுக்கூடங்களில் அஃபர்மேஷன் என்று சொன்னால், பெரும்பாலும் கண்ணாடி முன் சொல்லும் வாக்கியத்தை அவர்கள் குறிப்பதில்லை. கிளாட் ஸ்டீல் என்ற அமெரிக்கச் சமூக உளவியலாளர் 1988இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, தான் ஒரு நல்ல, திறமையான மனிதர் என்ற தன்னுருவத்தைக் காத்துக்கொள்ள எல்லோரும் முயல்கிறோம். ஓரிடத்தில் அதற்கு அடி விழும்போது, வாழ்க்கையின் வேறோர் இடத்தில் தமக்கு முக்கியமாக இருக்கும் ஒன்றை நினைத்துப் பார்த்தால் அந்த அடியைத் தாங்கும் பலம் வருகிறது. அலுவலகத்தில் மதிப்பீட்டு அறிக்கை மோசமாக வந்த நாளில், "நான் சிறந்த ஊழியர்" என்று மறுத்துப் பேசத் தேவையில்லை. "என் குடும்பத்துக்கு நான் உண்மையாக இருக்கிறேன், நண்பர்கள் என்னை நம்பி வருகிறார்கள்" என்பது போன்ற வேறொரு உண்மை, அந்த அறிக்கையைப் பதறாமல் படித்துத் திருத்திக்கொள்ள இடம் கொடுக்கிறது.

இதற்கான பயிற்சி மிக எளிது. குடும்பம், நட்பு, நேர்மை, இறைநம்பிக்கை, கலை, நகைச்சுவை என்று மதிப்பீடுகளின் பட்டியல் ஒன்றிலிருந்து தமக்கு மிக முக்கியமானதைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் முக்கியம், எந்தச் சந்தர்ப்பத்தில் அது தமக்குக் கைகொடுத்தது என்று பத்துப் பதினைந்து நிமிடம் எழுதவேண்டும். ஜெஃப்ரி கோஹனும் சகாக்களும் அமெரிக்காவின் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையே இருந்த மதிப்பெண் இடைவெளி சுமார் 40 சதவீதம் குறைந்தது. பிற்பாடு வேறு ஊர்களில், பெரிய அளவில் செய்யப்பட்ட சோதனைகளில் விளைவு இவ்வளவு பெரிதாக இல்லை, சிலவற்றில் தெரியவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிரெஸ்வெல் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், நீண்டநாள் மன அழுத்தத்தில் இருந்த மாணவர்கள் முதலில் இப்படி எழுதிவிட்டு அமர்ந்தபோது, நெருக்கடியான நேர வரம்புக்குள் புதிர்களை நன்றாக விடுவித்தார்கள். தேர்வுக்கோ நேர்முகத்துக்கோ ஆண்டு மதிப்பீட்டுக்கோ முந்தைய இரவில், மனப்பாடம் செய்த புகழுரையை நூறு முறை சொல்வதைவிட இப்படி ஒரு பக்கம் எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன்.

வாக்கியத்தை அமைப்பது எப்படி?

முதலில் ஒரு நோட்டில் செய்தவற்றின் பதிவு ஒன்றைத் தொடங்குங்கள். வாரக் கடைசியில், அந்த வாரம் செய்து முடித்த இரண்டு மூன்று காரியங்களைத் தேதியோடு எழுதினால் போதும். "சரக்கு அனுப்புவதில் வந்த சிக்கலை வாடிக்கையாளரிடம் நானே பேசித் தீர்த்தேன்", "புதிதாகச் சேர்ந்தவருக்குக் கணக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுத்தேன்" என்ற அளவில் இருந்தால் சரி. பண்டூரா சொன்ன முதல் ஊற்று இந்தப் பதிவில்தான் சேர்கிறது. ஆண்டு மதிப்பீட்டின்போது என்ன செய்தீர்கள் என்று மேலாளர் கேட்டால் விழிக்காமல் பதில் சொல்லவும் இதுவே உதவும்; உண்மையில், உறுதிமொழி எதுவும் சொல்லாமல் இந்தப் பதிவை மட்டும் வைத்திருப்பவருக்கே பாதிப் பயன் கிடைத்துவிடும்.

அந்தப் பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்து அதன்மேல் உறுதிமொழியைக் கட்டவேண்டும். மேலே சொன்ன இளைஞர், "நான் சரளமாக ஆங்கிலம் பேசுகிறேன்" என்பதற்குப் பதிலாக, "போன மாதம் வாடிக்கையாளரின் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னேன், இன்றைய கூட்டத்தில் ஒரு கேள்வியாவது கேட்பேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் பாதி நடந்த உண்மை என்பதால் மனம் அதை மறுக்க முடியாது. இரண்டாம் பாதி அவர் கைக்கு எட்டக்கூடிய ஒரு செயல். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் தரப் பரிசோதனையில் இருந்துகொண்டு மெர்ச்சண்டைசர் (வாங்கும் நிறுவனத்தோடு பேசி ஆர்டர்களைக் கவனிப்பவர்) ஆக விரும்புபவருக்கு, "நான் வெற்றிகரமான மெர்ச்சண்டைசர்" என்பதைவிட, "துணியின் குறையைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும், விலை கணக்கிடுவதை இப்போது கற்றுக்கொண்டு வருகிறேன்" என்பது பொருந்தும். அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர் "நான் தேர்ச்சி பெற்றுவிட்டேன்" என்று எழுதுவதால் பயனில்லை. தேர்வு முடிவு அவர் கையில் மட்டும் இல்லை, போட்டியிடுபவர்களின் எண்ணிக்கையிலும் காலியிடங்களிலும் இருக்கிறது. "இந்த வாரம் இந்திய அரசியலமைப்புப் பாடத்தில் இரண்டு மாதிரித் தேர்வுகள் எழுதுவேன்" என்பது முழுக்க அவர் கையில் இருக்கிறது.

வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். உள்ளுக்குள் உடனே "சும்மா இரு" என்று ஒரு குரல் எழுந்தால், வாக்கியம் பெரிதாகிவிட்டது என்று பொருள். ஒரு படி இறக்கி எழுதவேண்டும். சிலருக்கு "செய்வேன்" என்பதைவிட "செய்யக் கற்றுக்கொண்டு வருகிறேன்" என்பது சரியாக அமையும்.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து ஆராய்ந்துவரும் "இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" என்ற திட்ட வாக்கியத்தையும் இதோடு சேர்க்கலாம். "கூட்டத்தில் சொல் கிடைக்காமல் நின்றுவிட்டால், ஒரு நிமிடம் கொடுங்கள் என்று கேட்டுவிட்டுத் தொடர்வேன்" என்பது அப்படிப்பட்டது. தடை வரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதால், இது நேர்மறைச் சிந்தனைக்கு விரோதமானது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் 2006இல் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எண்ணியதைச் செய்து முடிக்க இத்தகைய வாக்கியங்கள் குறிப்பிடத்தக்க அளவில் உதவுவது தெரிந்தது. வெறும் உறுதிமொழிகளுக்கு இவ்வளவு உறுதியான சான்று கிடையாது.

நேர்முகத்துக்கு வெளியே காத்திருக்கும்போது

அழைப்புக்காக நாற்காலியில் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் பொருந்தும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசுவதற்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட, "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள். நெஞ்சு படபடக்கும்போது அமைதி என்ற சொல் உடலோடு ஒட்டாது. உற்சாகத்துக்கும் அதே படபடப்புத்தான் என்பதால் அது எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் கிராஸ் குழுவினர் அதே ஆண்டு காட்டியது, "நான்" என்று சொல்வதற்குப் பதில் தன் பெயரைச் சொல்லியோ "நீ" என்றோ தன்னோடு பேசிக்கொள்பவர்களுக்குப் பதற்றம் குறைகிறது, பேச்சும் மேம்படுகிறது என்பதை. தமிழருக்கு இது புதிதல்ல. அகப்பாடல்களில் தலைவன் தன் நெஞ்சைக் கூப்பிட்டுப் பேசுவான். திருக்குறளில் "நெஞ்சொடு கிளத்தல்" என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. வீட்டில் யாரும் கேட்காதபோது "கவிதா, நீ இதைவிடப் பெரிய சிக்கலை எல்லாம் பார்த்தவள், நிதானமாகப் பதில் சொல்" என்று நம்மில் பலர் பேசிக்கொள்வதுதான் இது. வெளியே இருந்து ஒரு தோழி பேசுவதுபோல் அமைவதால், தற்பெருமை என்ற கூச்சமும் இருக்காது.

எத்தனை முறை சொல்லவேண்டும் என்பதற்கு விதி எதுவும் இல்லை. 3, 6, 9 என்ற எண்களில் மந்திரம் ஒன்றும் கிடையாது. காரியத்தைத் தொடங்குவதற்குச் சற்று முன் ஒருமுறை கவனத்தோடு சொல்வது, கைக்குப் பழகிப்போய் நூறு முறை எழுதுவதைவிட மேல்.

இதில் அடங்காதவை

எண்ணம் சரியாக இருந்தால் எல்லாம் கிடைக்கும் என்ற பேச்சுக்கு ஒரு கொடுமையான மறுபக்கம் உண்டு: கிடைக்காதவருடைய எண்ணத்தில்தான் குறை என்று அது சொல்லாமல் சொல்கிறது. வேலைவாய்ப்பு சுருங்கிய ஆண்டில் பட்டம் பெற்றவருக்கும், சாதியாலோ பாலினத்தாலோ ஒதுக்கப்படுபவருக்கும், ஒரே வேலைக்குக் குறைந்த கூலி வாங்கும் பெண்ணுக்கும் சிக்கல் மனத்துக்குள் இல்லை. அங்கே தேவைப்படுவது விவரம், சட்டம், சங்கம், வேறு வேலை. உறுதிமொழி அவற்றைத் தேடிப் போகும் தெம்பைக் கொடுத்தால் சரி, அவற்றுக்கு மாற்றாக வந்தால் தவறு. அதேபோல், வாரக்கணக்கில் தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, தன்னையே வெறுக்கும் எண்ணம் ஆகியவை தொடர்ந்தால், அதை வாக்கியங்களால் சமாளிக்கப் பார்க்காமல் மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ அழைத்தால் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். மாத முடிவில் கேட்கவேண்டிய கேள்வி, மனம் உற்சாகமாக இருந்ததா என்பதல்ல; வாக்கியத்தின் இரண்டாம் பாதியில் இருந்த செயல் நடந்ததா என்பதே. நடக்கவில்லை என்றால் அந்தச் செயலை இன்னும் சிறிதாக்கி எழுதவேண்டும். நடந்திருந்தால் அதைத் தேதியோடு பதிவு நோட்டில் சேர்த்துவிட்டு, அதையே முதல் பாதியாக வைத்து அடுத்த வாக்கியத்தை எழுதலாம்: "நான்கு கூட்டங்களில் கேள்வி கேட்டேன், அடுத்த மாதம் வாராந்திர அறிக்கையை நானே ஆங்கிலத்தில் விளக்குவேன்."